அலமாரிக்குள் அண்ணி

பக்கத்து ஃப்ளாட்காரரை எங்கள் கட்டிடமே ‘டைரக்டர்’ என்றுதான் கூப்பிடும். இதுவரை ஒரு பேய்ப்படம் எடுத்திருக்கிறார். அதைப் பார்த்துப் பயந்தவர் ஒரே ஒருவர், படத்துக்குப் பணம் போட்டவர்.

இப்போது இரண்டாவது பேய்ப்படம் தயார். விநியோகஸ்தர் ஒருவர் சாயங்காலம் வீட்டுக்கே வந்து பார்ப்பதாக ஏற்பாடு. அவர் வாங்கினால் சினிமா. வாங்காவிட்டால் மறுநாளே மாமனாரின் டைல்ஸ் கடையில் போய் உட்கார வேண்டும் என்று முடிவாகிவிட்டது. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். நடுச்சுவர் ரொம்ப மெல்லிசு.

காலையில் வீட்டு ஆட்களுக்கு ஒரு முன்னோட்டம். இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் நானும் நுழைந்து, சோபாவில் நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். ஜன்னலுக்குப் போர்வை கட்டியிருந்தார்கள். மாமனார் இப்போதே கடையில் ஆள் சேர்ந்துவிட்ட முகத்தோடு கால்மேல் கால் போட்டிருந்தார்.

படத்தில் பேய், டைரக்டரின் மனைவிதான். அவர்கள் வீட்டுப் படுக்கையறை அலமாரியைத் திறந்துகொண்டு, முகமெல்லாம் வெள்ளையடித்து, நாக்கைத் துருத்திக்கொண்டு வந்தாள்.

“ஏம்மா, நாக்கு வெளுத்திருக்கே, டாக்டர்கிட்ட காட்டினியா?” என்றார் மாமனார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“சிரிங்க, நல்லா சிரிங்க. அந்த வெள்ளையக் கழுவறதுக்குள்ள என் தோலே உரிஞ்சு போச்சு.” அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். அதற்கப்புறம் பாத்திரங்கள்தான் பேசின.

டைரக்டர் தம்பியைப் பிடித்தார். அவன்தான் எடிட்டர். “டேய், அண்ணி வர்ற ஷாட் எல்லாத்தையும் இருட்டாக்குடா. மூஞ்சி தெரியலன்னா சிரிப்பு வராது.”

“நாக்கு தெரியுமேண்ணா.”

“நாக்கையும் சேர்த்துதாண்டா!”

தம்பி இருட்டாக்குவதற்காக அந்த ஷாட்டுகளை உருவினான். ஒலி இடம் மாறிவிடக் கூடாதே என்று, காலியான இடங்களில் தற்காலிகமாக மூடிய அலமாரியின் ஷாட்டை ஒட்டிவைத்தான். அப்புறம் சாப்பிட்டான். அப்புறம் கண்ணயர்ந்தான். விநியோகஸ்தர் அழைப்பு மணியை அடித்ததும் பதறி எழுந்து, அந்த அரைகுறையையே பென் டிரைவில் ஏற்றி டிவியில் செருகிவிட்டான்.

மாலையிலும் நான் இருந்தேன். காலையில் ஏணியைக் கையோடு திரும்ப எடுத்துப் போயிருந்தேனே, கொடுக்க வேண்டாமா?

கதாநாயகி தலை வாருகிறாள். கை நிற்கிறது. அலமாரியைப் பார்க்கிறாள். மூடித்தான் இருக்கிறது. உள்ளே யாரோ மூச்சு விடும் சத்தம். இதோ அண்ணி வரப்போகிறாள் என்று சிரிக்க வாயைத் திறந்தேன். வரவில்லை. கதாநாயகி மறுபடி தலை வாருகிறாள். மூச்சு மட்டும் நிற்கவில்லை. திறந்த வாயை மூட மறந்துபோனேன்.

“அண்ணி எங்கடா?” என்று பல்லைக் கடித்தபடி டைரக்டர் டிவியை அணைக்க எழுந்தார். விநியோகஸ்தர் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார்.

“உக்காருங்க சார்! தனியா விட்டுட்டுப் போகாதீங்க!”

மாமனாரின் கால்கள் இரண்டும் சோபாமேல் ஏறியிருந்தன.

விளக்கைப் போட்டதும் விநியோகஸ்தர் கேட்டார்: “அலமாரிக்குள்ள என்னதான் சார் இருந்துச்சு?”

“அது வந்து சார், ஒரு தப்பு நடந்துபோச்சு. அதுல என் வைஃப்தான்…”

தேநீர்த் தட்டோடு பின்னால் நின்றிருந்த மனைவி அவர் காலை ஒரு மிதி மிதித்தாள். “அதைச் சொல்லிட்டா அப்புறம் யாரு சார் படம் பாப்பாங்க?”

“கரெக்ட்மா! ஒரு ஷாட்கூட மாத்தக் கூடாது. படம் எனக்குத்தான்,” என்று கை கொடுத்துவிட்டுப் போனார் அவர்.

டைரக்டர் தலையைக் குனிந்தார். “உன் மூஞ்சியே வரலையே படத்துல.”

“வந்தப்ப எங்கப்பா கிண்டல் பண்ணாரு. இப்ப பாருங்க.” திரும்பி, “அப்பா, வெளியில மழை. உங்க குடை அந்த அலமாரியிலதான் இருக்கு, எடுத்துக்கோங்க,” என்றாள்.

“சின்னத் தூறல்தானேம்மா,” என்று மாமனார் நனைந்துகொண்டே போனார்.

படம் வெளியாகி ஓடுகிறது. ‘பேய்’ என்று போட்டு அவள் பெயர் வருகிறது. ‘நீ எங்கேம்மா வந்தே?’ என்று கேட்பவர்களிடம், “உள்ளதான் இருந்தேன்,” என்கிறாள், சிரிக்காமல்.

நேற்றுக்கூட ஏணியைக் கேட்டாள். “அலமாரி பக்கத்துல சாத்திட்டுப் போங்களேன்.”

ஏணி இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது.