குதிரை ஓடுதோ, மிஸி?

செல்வநாயகிக்கு இரண்டாவது பிள்ளைப்பேறு பார்க்க வேறு மருத்துவிச்சியே கிடைக்கவில்லையா? தொண்டைமானாற்றிலிருந்து வருகிற வழியிலேயே ஒரு ஆசுப்பத்திரி இருக்கிறது. அதைத் தாண்டி, "யசிந்தா மிஸியிட்டைத்தான் போவன்" என்று ஒற்றைக்காலில் நின்று, காரில் வந்து இறங்கியிருக்கிறாள். வாசலில் அவளைக் கண்டதும் யசிந்தாவின் கண் பின்கதவுக்குப் போனது. ஓடி ஒளிக்கலாம் என்றால் அன்றைக்கென்று வேலையில் இருந்த மருத்துவிச்சி அவள் ஒருத்திதான்.

சரியாக நாலு வருடம். அறுபத்தேழில் செல்வநாயகியின் தலைப்பிள்ளைப் பேறும் இதே ஆசுப்பத்திரி, இதே சன்னலோரக் கட்டில்தான்.

யசிந்தா கைராசிக்காரி என்று பெயரெடுத்தவள். வலியில் கிடக்கும் பெண்ணின் வயிற்றில் சாண் நீள மரக்குழலை ஊன்றி, மறுமுனையில் காதை வைத்துப் பிள்ளையின் இதயத் துடிப்பை எண்ணுவாள். பிள்ளையின் இதயம் தாயினதைப்போல நிதானமாக அடிக்காது, குதிரை ஓடுகிறமாதிரி ஓடும். பயந்து நடுங்கிக் கிடக்கிறவளுக்கு நூற்றுநாற்பது, நூற்றைம்பது என்று கணக்குச் சொல்லி என்ன பயன்? "குதிரை ஓடுது, பிள்ளை" என்பாள். அந்த ஒரு சொல்லோடு அவர்களுக்குப் பாதி வலி போய்விடும்.

நாலு வருடத்துக்கு முந்திய அந்த நாளில், காலையிலிருந்து வேறு இரண்டு பேறு பார்த்துவிட்டு, கால் கடுக்க வந்து கதிரையில் இருந்து, தேத்தண்ணியை வாயில் வைக்கப்போன நேரம் மூன்று மணி அடித்தது. அரைமணிக்கு ஒருதரம், ஒரு வலி வந்து விட்ட கையோடு, ஒரு நிமிடம் முழுதாகக் கேட்கவேண்டும். அதுதான் முறை. இரண்டரைக்குக் கேட்டபோது நன்றாகத்தானே ஓடியது, அதற்குள் என்ன வந்துவிடப் போகிறது? எழும்பிப் போனால் தேத்தண்ணி ஆறிவிடும். இருந்த இடத்திலேயே துடிப்புக் கணக்கு எழுதும் கடதாசியை எடுத்து, மூன்று மணிக்கு நேரே 140 என்று எழுதினாள்.

கட்டிலிலிருந்து செல்வநாயகி கேட்டாள். "குதிரை ஓடுதோ, மிஸி?"

"ஓம் பிள்ளை, பாய்ஞ்சு பாய்ஞ்சு ஓடுது."

மூன்றரைக்குக் குழலை வைத்தபோது குதிரையைக் காணவில்லை. எண்பது. வலி விட்ட பிறகும் ஏறவில்லை, நொண்டிக்கொண்டே கிடந்தது. யசிந்தா செருப்பில்லாமல் டாக்குத்தரிடம் ஓடினாள். இடுக்கி ஆயுதம் போட்டுப் பிள்ளையை இழுத்து எடுத்தார்கள். நீலம் பாரித்து வந்த பிள்ளை அழுவதற்குப் பத்து நிமிடம் பிடித்தது. டாக்குத்தர் கடதாசியைப் பார்த்தார்.

"மூண்டு மணிக்கு நல்லாய்த்தானே இருந்திருக்கு. அரைமணியிலை வந்த வினை. உங்களிலை ஒரு பிழையும் இல்லை, மிஸி."

மூன்று மணிக்கு எழும்பியிருந்தால் அந்தப் பிள்ளை பழுதில்லாமல் தப்பியிருக்குமா? ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். அதுதான் அவளைப் போட்டு அரித்தது. கோயிலுக்குப் போய்ச் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தாள். சுவாமி மன்னிப்புக் கொடுத்துவிட்டு, "அந்தத் தாயிட்டைச் சொன்னீரோ?" என்று ஒரு கேள்வி கேட்டார். அதற்குப் பிறகு மிஸி அந்தக் கோயில் பக்கமே போகவில்லை, இரண்டு மைல் தள்ளி வேறு கோயிலுக்குப் போகிறாள். என்ன சாமர்த்தியம்!

இப்போது அந்தத் தாய் அதே கட்டிலில் கிடக்கிறாள். யசிந்தா குழலை வைக்கக் குனிந்தபோது செல்வநாயகி அவள் கையைப் பிடித்தாள்.

"மிஸி, ஒண்டு சொல்லோணும். இவரிட்டைக் கூட நான் சொல்லேல்லை."

"உதெல்லாம் பிறகு கதைப்பம் பிள்ளை. மூச்சை ஆறுதலாய் விடு."

"இல்லை, இப்ப சொல்லோணும். அண்டைக்கு மூண்டு மணி போலை வயித்துக்கை பிள்ளை அசையாமல் ஒருமாதிரி அடங்கிப்போச்சு. எனக்கு விளங்கினது, மிஸி. சொல்லுவம் எண்டுதான் உங்களைக் கூப்பிட்டனான். நீங்கள் அங்கை இருந்துகொண்டே குதிரை ஓடுது எண்டியள். உங்களுக்குக் காது வைக்காமலே தெரியுமாக்கும் எண்டு பேசாமல் கிடந்திட்டன். வாய் திறந்து சொல்லியிருந்தா என்ரை மூத்தவன் இண்டைக்கு ஓடித்திரிவான். நாலு வயசு, இன்னும் கழுத்து நிக்கேல்லை. பெத்த நானே அவனைக் கெடுத்துப்போட்டன்."

"உன்னிலை ஒரு பிழையும் இல்லை, பிள்ளை" என்று யசிந்தாவின் வாய் தன்பாட்டில் சொன்னது. டாக்குத்தர் அன்றைக்கு அவளுக்குச் சொன்ன அதே சொல்.

"உங்கடை நல்ல மனசுக்குச் சொல்லுறியள்" என்று செல்வநாயகி கண்ணைத் துடைத்தாள். "அதுதான் இந்தமுறையும் உங்களிட்டையே வந்தனான்."

நல்ல மனசாம்! உள்ளதைச் சொன்னால் யசிந்தாவின் வேலை போகும், பெயர் போகும். சொல்லாவிட்டால் தான் செய்த பாவத்தை இந்தப் பெண் சாகும்வரை சுமப்பாள். நாலு வருடமாகச் சுமந்துகொண்டுதானே இருந்திருக்கிறாள்.

"பிள்ளை, அண்டைக்கு எனக்கு ஒண்டும் தெரியாது. நான் கேக்கேல்லை. தேத்தண்ணி ஆறிப்போகும் எண்டு எழும்பாமல் இருந்திட்டன். குதிரை ஓடுது எண்டு சும்மா சொன்னனான். கடதாசியிலையும் சும்மாதான் எழுதினனான்."

செல்வநாயகி தலையணையிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"தேத்தண்ணியோ?" என்றாள்.

"ஓம்."

செல்வநாயகி பிடித்திருந்த கையை விட்டாள். அடுத்த வலி வந்தபோது கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். யசிந்தா பக்கத்தில் நின்றாள், தொடப் பயமாக இருந்தது. வலி விட்டது. கேட்கவேண்டிய நேரம்.

"நான் கேக்கட்டோ, பிள்ளை? இல்லாட்டி டாக்குத்தரைக் கூப்பிடட்டோ?"

"நீங்களே கேளுங்கோ. ஆனா வாயாலை ஒண்டும் சொல்லவேண்டாம்." செல்வநாயகி உள்ளங்கையை விரித்து நீட்டினாள். "இதிலை தட்டிக் காட்டுங்கோ. நான் எண்ணுறன்."

யசிந்தா குனிந்து குழலில் காதை வைத்தாள். உள்ளே கேட்டது. கேட்கக் கேட்க, ஒவ்வொரு துடிப்புக்கும் அந்த உள்ளங்கையில் ஒரு விரலால் தட்டினாள். செல்வநாயகியின் உதடுகள் அசைந்தன, கண் சுவர் மணிக்கூட்டில் இருந்தது.

"நூற்று முப்பத்தாறு" என்றாள். "எழுதுங்கோ."

யசிந்தா எழுதினாள்.

பிள்ளை பிறந்து வீரிட்டு அழும்வரை, ஒவ்வொரு வலி விட்ட பிறகும் செல்வநாயகி கையை நீட்டினாள். குதிரை ஓடுதோ என்று ஒருதரமும் கேட்கவில்லை.