ஏழாவது பிளாக்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு ஆஸ்பத்திரி டேட்டாபேஸில், பதிவுகளைக் கட்டுக்கட்டாக வைத்திருந்த ஏழு பிளாக்குகள் கெட்டுப்போயின. அவற்றில் பதிவாகியிருந்த முப்பத்தோரு நோயாளிகளுக்கும் பத்தரைக்குள் நோய் விட்டுப்போயிற்று. எலும்பு வார்டில் ஒருவர் மாவுக்கட்டை உடைத்துப்போட்டுவிட்டு நடந்துபோய்க் கைகழுவினார். நோய் எழுதியிருந்த அதே பதிவில்தான் உறவினர் பெயரும் இருந்தது; ஆகவே குணமானவர்களுக்கு வீட்டு மனிதர்களைத் தெரியவில்லை. மற்றதெல்லாம் ஞாபகம் இருந்தது, செருப்பை எங்கே விட்டோம் என்பதுகூட.

கணினி அறையைப் பார்த்துக்கொண்டவளை எல்லோரும் டேட்டா அக்கா என்றார்கள். அவள் கணவர் தையல்காரர். நான்கு வருடமாக வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அவர் கோப்பு தடித்துத் தடித்து, ஏழாவது பிளாக் முழுவதையும் அவர் ஒருவரே பிடித்துக்கொண்டிருந்தார். அன்று அவர் மாடியேறி வந்து அறை வாசலில் நின்றார். "மேடம், குடிக்கத் தண்ணி கிடைக்குமா?" நான்கு வருடமாக டம்ளரில் கோடு போட்டு அவருக்குத் தண்ணீர் அளந்து கொடுத்தவள் அவள்தான். பாட்டிலை நீட்டினாள். மூச்சுவிடாமல் முழுவதையும் குடித்துவிட்டு, நன்றி சொல்லிப் போனார்.

பெரிய டாக்டர் அறையில் உறவினர்கள் கூடிவிட்டார்கள். "படுத்த படுக்கையா இருந்தாலும் அவன் என் பையன் சார். என்னைத் தெரியாத ஆளை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?" என்று ஒரு அம்மா அழுதாள். எல்லாவற்றையும் மீட்கச் சொல்லி உத்தரவு வந்தது. டேட்டா அக்கா ஞாயிற்றுக்கிழமை எடுத்த நகலிலிருந்து ஒவ்வொரு பிளாக்காக எடுத்து வைத்தாள். அதன்மேல் திங்கட்கிழமைப் பதிவுகளை ஏற்றினாள். முதல் பிளாக் ஏறியதும் கீழே ஐந்து பேர் கட்டிலில் சாய்ந்து, பக்கத்தில் இருந்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வலிக்கிறது என்றார்கள். மூன்று மணிக்குள் ஆறு முடிந்தது.

ஏழாவதின் நகலும் நன்றாகத்தான் இருந்தது. இரண்டு முறை சோதித்தாள். ஒரு குறையும் இல்லை. அழுகை வருமா என்று பார்த்தாள், வரவில்லை. டீயில் ஆடை படிந்திருந்தது. அதை விரலால் ஒதுக்கினாள். பிறகு அந்த பிளாக்கைத் தாண்டிப் போகும்படி ஒரே ஒரு வரி எழுதினாள்.

பெரிய டாக்டர் போனில் கேட்டார். "எல்லாம் வந்துடுச்சாம்மா?"

"ஆறு வந்துடுச்சு சார். ஒண்ணு வராது."

"யாரோடது?"

"எங்க வீட்டுக்காரரோடது."

"சரிம்மா, போய்ச் சாப்பிடுங்க" என்றார்.

கணவர் தன் தையல் கடைக்குப் பின்னாலிருந்த அறையிலேயே தங்கிக்கொண்டார். உன் மனைவி அவள் என்று தெருக்காரர்கள் சொல்லிப் பார்த்தார்கள். மரியாதையாகத் தலையாட்டினார், சொன்னது மனதில் நிற்கவில்லை. இரண்டு வருடத்தில் தெருவுக்கும் அலுத்துவிட்டது. அவர் உடம்பு தேறி, தொப்பை வைத்தது. அவள் கிழியாத துணியையும் தைக்கக் கொடுத்தாள்.

எட்டாவது வருடம், ஒரு தலையணை உறைக்கு அளவெடுத்துக்கொண்டே கேட்டார். "உங்க வீட்டுக்காரர் என்ன பண்றாரு மேடம்?"

"தையல்தான்."

"அட, நம்ம ஆளா! உடம்பெல்லாம் நல்லா இருக்காரா?"

"நல்லா இருக்காரு."

"அது போதும்" என்று நாடாவைத் தோளில் போட்டுக்கொண்டு, வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்.