மோட்டர் ஓடிய நேரம்

கம்பியூட்டருக்குள் நான் கட்டிய பண்டத்தரிப்பு ஊர் ஒவ்வொரு ஆவணியிலும் வற்றிச் செத்தது. நிஜப் பண்டத்தரிப்பின் கிணறுகளிலோ தண்ணீர் நின்றது. நான்கு மாதமாக இந்தத் தலையிடி. நீர்வழங்கல் அலுவலகத்தில் என்னோடு கதைக்கவே பயந்தார்கள்.

கணக்கு ஒன்றும் பெரிய வித்தையில்லை. பெய்கிற மழையில் வெயில் குடிப்பதையும் கடலுக்குக் கசிவதையும் கிணற்றிலிருந்து இறைப்பதையும் கழித்தால், மிச்சம் நிலத்துக்கடியில் நிற்கவேண்டும். அந்த மிச்சத்தைக் கிணறுகளில் அளந்த நீர்மட்டத்தோடு ஒப்பிட்டுக் கம்பியூட்டர் மாதிரியைத் திருத்துவோம். மழையை மழைமானி சொன்னது. நீர்மட்டத்தை நானே நாடா விட்டு அளந்தேன். இறைப்பை மட்டும் சனத்திடம் கேட்டேன். வீடு வீடாகப் போய், மோட்டர் ஒருநாளைக்கு எவ்வளவு நேரம் ஓடும் என்று கேட்டு, சொன்னதைப் போனில் பதிந்தேன். வெங்காயத் தோட்டம் செய்கிற இரத்தினம்மா கொஞ்சமும் யோசிக்காமல், "நாலு மணித்தியாலம், பிள்ளை" என்றார். ஊரே அப்படித்தான் சொன்னது.

மாதிரி பொருந்த ஒரே வழிதான் மிஞ்சியது. மழையில் எவ்வளவு நிலத்துக்குள் இறங்குகிறது என்பது எவரும் கண்ணால் பார்க்கமுடியாத எண். அதைக் கூட்டினேன். சுண்ணாம்புக்கல் பூமிதானே, குடிக்கட்டும் என்று இன்னும் கூட்டினேன். கணித்த கோடும் அளந்த கோடும் ஒன்றன்மேல் ஒன்று வந்து படுத்தன. திட்டப் பொறியியலாளர் அருட்செல்வனுக்குத் தலைகால் புரியாத சந்தோசம்.

"தர்சிகா, உந்த ஊரிலை தாராளமாத் தண்ணி கிடக்கு."

நகரத்துக்குத் தண்ணீர் எடுக்க அங்கே ஆறு குழாய்க்கிணறுகள் தோண்டுவதென்று முடிவாயிற்று.

எனக்கு அந்த எண் உறுத்திக்கொண்டே இருந்தது. மனம் கேளாமல் ஒருநாள் காலை திரும்பப் போனேன். இரத்தினம்மா மோட்டரை நிறுத்திக்கொண்டிருந்தார்.

"இண்டைக்கு வேளைக்கு முடிஞ்சுதோ?"

"ஒவ்வொரு நாளும் உவ்வளவுதான். ஒரு மணித்தியாலத்துக்கு மேலை ஓடவிட்டால் உப்புத்தண்ணியெல்லே வரும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப ஏன் நாலு எண்டு சொன்னனீங்கள்?"

"நிவாரணத்துக்கு எண்டெல்லே நினைச்சம். சண்டை முடிஞ்ச நாள் தொட்டு எத்தினை பேர் வந்து கேட்டுப் பதிஞ்சவை! கூடச் சொன்னால்தானே ஏதும் கிடைக்கும். உன்னையும் அப்பிடி ஒரு ஆள் எண்டு…"

கத்தவேண்டும் போலிருந்தது. கத்தினேன். "நீங்கள் இறைக்காத தண்ணியை இறைச்சதாச் சொல்ல, அதை ஈடுகட்ட நான் மழையைக் கூட்டி வைச்சிருக்கிறன்! இப்ப இல்லாத தண்ணியை எடுக்க வருகினம். உங்கடை கிணறெல்லாம் உப்பாகப் போகுது!"



மறுபடி வீடு வீடாக அலைந்து, உண்மையான நேரத்தைக் கேட்டு, கூட்டிவைத்த எண்ணைப் பழையபடி குறைத்து, மாதிரியைத் திரும்ப ஓட்டினேன். நகரத்துக்குக் கொடுக்க ஒரு வாளி தண்ணீரும் மிஞ்சவில்லை. சனசமூக நிலையத்தில் நடந்த ஊர்க்கூட்டத்தில் அருட்செல்வனிடம் அதைக் காட்டினேன். அவர் முழுதாகப் பார்க்கவேயில்லை.

"முதல் நாலு எண்டவை. குழாய்க்கிணறு எண்டவுடனை ஒண்டு எண்டுகினம். தண்ணியை விட மனமில்லாமல் குறைச்சுச் சொல்லுகினம். உது விளங்கேல்லையோ உமக்கு?"

இரத்தினம்மா எழும்பினார். "ஐயா, முந்திச் சொன்னதுதான் பொய். இப்ப சொல்லுறது சத்தியம்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அருட்செல்வனும் சிரித்தார். "அம்மா, உங்கடை முதல் கதைக்குத்தான் கம்பியூட்டர் சாட்சி சொல்லுது" என்று என் பழைய வரைபைத் தூக்கிக் காட்டினார். மயிரிழை பிசகாமல் இரண்டு கோடுகளும் ஒன்றாய்ப் போயின.

"அது நான் எண்ணைக் கூட்டிக் கூட்டி வரவழைச்சது, சேர்!"

அவர் வரைபை மடித்துப் பைக்குள் வைத்தார். "திங்கட்கிழமை துளைக்கிற மெசின் வருது. ஆரும் மறிக்காதேங்கோ."

சனம் கலைந்தது. இரத்தினம்மா மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பொய் சொல்லேக்கை நம்பினவை, பிள்ளை. இப்ப ஏன் நம்புகினமில்லை?"