அக்காவின் புதுப் பாட்டு வந்த நாள்

"நான் நண்டு. வயசு இருபத்திமூணு. அக்கா இருக்கிற ஊர்ல, ஆஸ்பத்திரியில இருந்து பேசுறேன்."

சித்தப்பாவுக்கு அனுப்ப, வீட்டில் கூப்பிடும் பெயரிலிருந்து தொடங்கிச் சொன்னதைப் போன் எழுத்தாக்கிக் காட்டியது. அதற்கு மேல் வாய் வரவில்லை. அழித்துவிட்டு மறுபடியும் அதையே சொன்னான்.

பக்கத்து நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்த டிரம்மர் நிமிர்ந்தார். அக்காவின் முதல் கச்சேரியிலிருந்து அவள் பாட்டுக்கு வாசித்தவர்.

"ஏன்டா, உன் வயசு உங்க சித்தப்பாவுக்குத் தெரியாதா?"

"தெரியும்ணே. இந்த நாட்டுக்கு வந்ததுலேருந்து எந்த ஆபீசுக்குப் போனாலும் முதல்ல இதைத்தானே கேக்கிறாங்க. இதைச் சொல்லிட்டா மத்தது தானா வந்துடும்னு பார்த்தேன்."

"வரலையா?"

"வரலைண்ணே."

மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் அக்கா கிடந்தாள். காலையில் அரங்கில் மைக் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். "எக்கோவைக் கொஞ்சம் குறைங்க" என்று சொல்லிக்கொண்டே மேடை விளிம்பில் உட்கார்ந்தவள், அப்படியே சாய்ந்தாள். ஒலியைக் கட்டுப்படுத்துகிறவர் எக்கோவைக் குறைத்துவிட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். மத்தியானம் டாக்டர் வெளியே வந்து முகக்கவசத்தைக் கழற்றினார். கழற்றும்போதே நண்டுக்குப் புரிந்துவிட்டது.

அப்போது தொடங்கிய கைநடுக்கம் இன்னும் நிற்கவில்லை. ஓர் எழுத்தைத் தொட்டால் விரல் வேறொன்றில் விழுந்தது. அதனால்தான் பேசி எழுத வைத்தான். குரலையே பதிந்து அனுப்பிவிடலாம். ஆனால் சித்தப்பா எதையும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கேட்பார். வீடு முழுக்கக் கேட்கும். அம்மாவுக்கும்.

மடியில் நர்ஸ் கொடுத்த பிளாஸ்டிக் பை. அதில் அக்காவின் செருப்பு, தோடு, போன். பை திடீரென்று அதிர்ந்தது. பூச்சி விழுந்ததுபோல் அவன் துள்ளினான். பிளாஸ்டிக்குக்குள் வெளிச்சம் வந்து, 'அம்மா' என்று காட்டியது.

"பாட்டு!" என்றார் டிரம்மர். "அடப்பாவி, பாட்டு வந்திருக்கும்டா."

புதுப் பாட்டு இன்று சாயங்காலம் தானாக வெளியாகும்படி போன வாரமே வைத்திருந்தார்கள். அதை நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சொன்ன நேரத்துக்கு அது உலகத்துக்குப் போய்விட்டது. பாட்டு வந்ததும் அம்மா கூப்பிடுவாள். எப்போதும் அப்படித்தான்.

அக்கா இங்கே முதலில் வந்தது ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவுக்கு. போர்வை மடிக்கிற வேலை. டிரையர் சத்தத்துக்கு மேலே பாடிப் பாடித்தான் அந்தக் குரல் திறந்தது. மடித்த போர்வையைப் பற்றி அவளே எழுதிய பாட்டை, கூட வேலை செய்தவள் படம்பிடித்துப் போட்டாள். பிறகு சின்ன மதுக்கூடம், பெரிய அரங்கம், தமிழே தெரியாத கூட்டம் தமிழில் பல்லவியைக் கத்துகிற மைதானம். "துணி துவைக்கப் போனவ பாட்டுப் பாடுறாளாம்" என்று சிரித்த சொந்தக்காரர்கள், "எங்க வீட்டுப் பொண்ணு" என்று சொல்லத் தொடங்கினார்கள். அம்மா எந்தப் பக்கமும் சேரவில்லை. "பல்லவி சரி. சரணம் இழுவை" என்பாள். ஊரே கொண்டாடினாலும், அந்தத் தீர்ப்பு வரும்வரை அக்கா நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பாள்.

பை அடங்கியது. அடுத்த நிமிடம் அவன் போன் அடித்தது.

"எடுக்காதே" என்றார் டிரம்மர். உடனே, "எடுக்கலைன்னா பயந்துடுவாங்க. எடு" என்றார்.

எடுத்தான்.

"எங்கடா அவ? பெரிய பாடகி ஆயிட்டா, அம்மா போனை எடுக்கக் கூடாதோ?"

"தூங்குறாம்மா."

"விளக்கு வைக்கிற நேரத்துல என்ன தூக்கம்? கச்சேரி இல்லையா இன்னிக்கு?" அம்மா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "பாட்டு கேட்டேன். பல்லவி நல்லாத்தான் இருக்கு. ரெண்டாவது சரணத்துல மூச்சு பத்தலை. அவளுக்கு அப்படி வராதே. உடம்புக்கு என்னடா?"

அவன் கதவைப் பார்த்தான்.

"டேய் நண்டு."

"சளிம்மா."

"நினைச்சேன். வெந்நீர் குடிக்கச் சொல்லு. எழுந்ததும் என்கிட்ட பேசச் சொல்லு. நான் போனைக் கையிலயே வச்சிருக்கேன்."

வைத்துவிட்டாள். நண்டு போனைத் தொடையில் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

டிரம்மர் தன் போனை அவன் பக்கம் திருப்பினார். அரங்க வாசலில் கூட்டம். கச்சேரி ரத்து என்று பலகை. அந்தப் படத்தின் கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: பாடகி இறந்துவிட்டதாகத் தகவல், உறுதியாகவில்லை.

"உறுதியாயிடும்டா, கொஞ்ச நேரத்துல. உங்கம்மா போன்ல இதெல்லாம் வருமா?"

"அக்காவைப் பத்தி எங்க எது வந்தாலும் மணியடிக்கிற மாதிரி நான்தான் வச்சுக் குடுத்தேன்."

டிரம்மர் தன் போனைக் கவிழ்த்து வைத்தார்.

சித்தப்பாவைக் கூப்பிட்டான். அடித்துக்கொண்டே இருந்தது. பட்டறையில் மெஷின் ஓடினால் அவருக்கு எதுவும் கேட்காது. வீட்டுக்கு வந்த பிறகுதான் போனையே பார்ப்பார். பார்த்தாலும் கண்ணாடியைத் தேடமாட்டார். "அண்ணி, இது என்னன்னு படிங்க" என்று அம்மாவிடம்தான் நீட்டுவார்.

"அப்போ வேற யாருக்காவது அனுப்பு."

"அந்த வீட்ல வேற யாருண்ணே இருக்கா?"

போனை வாயருகே கொண்டுபோனான். டிரம்மர் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், ஆடாமல் இருக்க.

"சித்தப்பா, அக்கா செத்துப்போயிட்டா. இன்னிக்கு மத்தியானம். வலி தெரிஞ்சிருக்காதுன்னு டாக்டர் சொன்னார். தூங்குறான்னு அம்மாகிட்ட சொல்லியிருக்கேன். அது பொய். அம்மா கையில இருக்கிற போனை வாங்கிடுங்க. நான் கூப்பிடுற வரைக்கும் குடுக்காதீங்க. இதைப் படிக்கிறது யாரா இருந்தாலும் சத்தமாப் படிக்காதீங்க. அம்மா, நீதான் படிக்கிறேன்னா, நின்னுக்கிட்டு இருக்காதே. எதையாவது பிடிச்சுக்கிட்டு உக்காந்துக்கோ."