தொட்டியளவு நிலம்

"படி உயரம் ஜாஸ்தி. இந்த வீட்டுல குடியிருக்கறவங்க ஏணி வச்சுத்தான் ஏறணும்" என்றார் மாமியார், தலையணையிலிருந்து தலையைத் தூக்காமலேயே.

படியாக ஒட்டியிருந்த ஓட்டுச் சில்லுகளை மருமகன் மறுபடியும் பெயர்த்தெடுத்தான். குழாய் வேலைக்காரன். எத்தனையோ வீடுகளுக்கு வாட்டம் பார்த்துப் பைப் பதித்தவன். கட்டிலை ஒட்டி ஸ்டூலின் மேல் இருந்த இந்த அகலமான மண்தொட்டி அவனைப் படாத பாடு படுத்தியது.

ஆஸ்பத்திரியில் காத்திருந்தபோது ஒரு பழைய பத்திரிகையில் மாமியார் பார்த்த படம்தான் காரணம். தொட்டிக்குள் விரல் உயர வீடு, கூழாங்கல் பாதை, தேவதைகள் குடியிருக்கும் தோட்டம். இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்ன பிறகு அவர் கேட்டது அது ஒன்றைத்தான். நில அளவை அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் ஊரார் நிலங்களை வரைந்தவர். சொந்தமாக ஒரு சாண் மண் இல்லை. வாடகை மாடிகளிலேயே காலம் ஓடிவிட்டது.

இப்போது கை எழவில்லை. மருமகனின் கைகள்தான் கதி. அந்தக் கைகளை அவர் ஒருபோதும் பெரிதாக மதித்ததில்லை. டீச்சர் மகளுக்குப் பைப் மாட்டுகிறவரா என்ற மனத்தாங்கல். பதினோரு வருடமாக "சாப்பிட்டாச்சா?" என்பதைத் தாண்டி இருவருக்கும் பேச்சில்லை.

"இப்ப பாருங்க அத்தை."

"ம். ஏறலாம்."

கடையில் வாங்கிய இறக்கை வைத்த பிளாஸ்டிக் பொம்மையை அவன் வாசலில் நிறுத்தினான்.

"இவ யாரு? மூஞ்சியைப் பாத்தா மனு வாங்கற ஆபீஸர் மாதிரி இருக்கா. எடுங்க."

"தேவதை இல்லாம தேவதைத் தோட்டமா?"

"இடத்தை ஒழுங்கா வச்சா வர்றவங்க தானா வருவாங்க. கதவை ஏன் ஒட்டிட்டீங்க? தொறந்து வைங்க."

"எறும்பு உள்ள போயிடுமே அத்தை."

"போகட்டுமே. பின்ன வீடு எதுக்கு?"

அவன் சிரித்துவிட்டான். அவரும் சிரிக்கப் பார்த்து இருமினார். ஸ்பூனால் தண்ணீர் புகட்டினான். இருமல் அடங்கியதும், "பாதை வளைவு நல்லா வந்திருக்கு. எங்க ஆபீஸ்ல இருந்திருந்தா உங்களை விட்டிருக்க மாட்டேன், மாப்ளே" என்றார்.

அவன் ஏற்கெனவே அழுத்திய மண்ணை இன்னொரு முறை அழுத்தினான்.

"புல்லுக்குப் பதிலா பாசி வேணும். மொட்டை மாடியில தண்ணி டேங்குக்குக் கீழ இருக்கும். சுரண்டாதீங்க, மண்ணோட எடுங்க."

பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. "வெல்வெட் மாதிரி கெடச்சிருக்கு அத்தை" என்றபடி தட்டோடு நுழைந்தவன் நின்றுவிட்டான். அவர் கண்கள் தொட்டியைப் பார்த்தபடி இருந்தன. மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தான். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு அவர் கண்களை மூடிவிட்டான்.

பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்து மனைவியிடம், "வந்துடும்மா" என்றான். அவள் வரும்வரை என்ன செய்வதென்று தெரியவில்லை. பாசி காய்ந்துகொண்டிருந்தது. துண்டு துண்டாக எடுத்துப் பதிக்க ஆரம்பித்தான்.

அவள் வந்து அம்மாவின் மேல் விழுந்து வெகுநேரம் அழுதாள்.

"நான் இன்னைக்குப் போயிருக்கவே கூடாது."

"அவங்கதானே உன்னை விரட்டினாங்க."

"கடைசியா என்ன சொன்னாங்க?"

பெரிதாக ஏதாவது சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தான். "பாசியைச் சுரண்டாதீங்க, மண்ணோட எடுங்கன்னாங்க."

அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அம்மாவேதான்" என்று மூக்கை உறிஞ்சினாள்.

மறுநாள் எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப் போனார்கள். தொட்டியை அவன் ஜன்னலடியில் தரையில் இறக்கி வைத்திருந்தான். தலைகூடத் துவட்டாமல் வந்தவள் அதன் முன்னால் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அப்படியே தரையில் படுத்து, கையை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டாள்.

"இங்கேர்ந்து பாத்தா எவ்ளோ பெரிய இடம்!" என்றாள்.

ஜன்னலை மறைத்து நின்றிருந்தவன், வெளிச்சம் உள்ளே விழும்படி சற்று நகர்ந்து நின்றான்.