வழியில் நிற்காத வண்டி

வாசல் குறுகல். பெட்டியைச் சாய்த்துத்தான் உள்ளே கொண்டுவர வேண்டியிருந்தது.

"மெதுவா சாய்ங்கப்பா, உள்ள இருக்கறது என் புள்ள" என்று சொல்லி, மெக்கானிக் தானும் ஒரு மூலையைப் பிடித்தார். ஆணி அடித்திருந்தார்கள். திறந்து பார்க்கக் கூடாதாம்.

சண்டை நேற்று மதியம் நின்றுவிட்டது. பையன் செத்தது நேற்றுக் காலை. நிறுத்துவதற்குள் ஆற்றுப்பாலத்தைப் பிடித்துவிட்டால் பேச்சுவார்த்தையில் கை ஓங்குமாம். மேலே இருப்பவனுக்கு மேசையில் ஓங்க வேண்டும், கீழே இருப்பவன் போய்ச் சாக வேண்டும்.

பையனோடு வண்டியில் போன சிப்பாய் கையில் கட்டோடு வந்திருந்தான். மெக்கானிக்கின் மனைவி பெஞ்சில் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க லாரிக்கு அவன் வெச்ச பேரு கிழவி. ஏத்தத்துல இருமும். நேத்து இருமவே இல்லம்மா. மத்த வண்டியெல்லாம் வழியில படுத்துடுச்சு. எங்களுது மட்டும் பாலம் வரைக்கும் போச்சு."

"அதுவும் எங்கயாச்சும் படுத்திருக்கக் கூடாதா" என்றாள்.

மெக்கானிக் சுவரைப் பார்த்தார்.

போன வாரம் பையன் அந்த லாரியை நேரே அப்பாவின் பட்டறைக்கு ஓட்டிவந்திருந்தான். கியர் விழவில்லை.

"அப்பா, சாமான் கெடைக்கலனு சொல்லி நாலு நாள் இழுங்க. சண்டைய நிறுத்தப் போறாங்களாம்."

"எத்தன தடவ நிறுத்துனானுங்க? எல்லாம் புளுகு. இழுத்தா என் பேருதான் கெடும்."

பழைய வண்டி ஒன்றிலிருந்து கழற்றி மாட்டி, அன்று சாயங்காலமே ஓட்டிக் காட்டினார். பையன் சிரித்தான். "உங்க கைக்கு ஒரு நாளாவது காய்ச்சல் வராதாப்பா?"

வீட்டுக்கு வர நேரமில்லாமல் போய்விட்டான். பார்க்காமல் போனான் என்றால் அழுவாளே என்று மெக்கானிக் அவன் வந்ததையே மனைவியிடம் சொல்லவில்லை.

"ஏம்பா, ஓட்ட வண்டிய அவ்வளவு நல்லா பண்ணிக் குடுத்தது யாரு?" என்றாள் அவள்.

சிப்பாய் மெக்கானிக்கைப் பார்த்தான். மெக்கானிக் வாயைத் திறந்தார்.

"ராணுவப் பட்டறைலம்மா" என்றான் சிப்பாய்.

"அவன் கை வெளங்காமப் போக."

அவள் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். "உக்காருங்க. எவ்வளவு நேரந்தான் நிப்பீங்க."

உட்கார்ந்தார். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அவள் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல், அவர் கை ஒன்றைத் தேடி எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.