முதல் வரிசைக்காரரின் மோதிரம்

அந்த ஊரில் சிவப்புக் கல் எதுவும் மண்ணிலிருந்து வந்ததில்லை. கடையில் விற்பதெல்லாம் வெள்ளைக் கல்தான். போட்டுக்கொள்பவரின் வெட்கத்தை உறிஞ்சிக்கொண்டு அது தானாகச் சிவக்கும். கள்ளத் தராசு பிடிப்பவர்களுக்குச் சீக்கிரமே மாதுளை நிறம் வந்துவிடும்; ஒழுங்காகப் பிழைக்கிறவர்களுக்கு ஆயுசுக்கும் வெளிறிய ரோஜா நிறம்தான். கிறிஸ்துமஸ் ஆராதனைக்குச் சிவப்புக் கல் அணிந்து போவதே கௌரவம் என்று எப்போதோ ஏற்பட்டுவிட்டதால், நவம்பர் பிறந்ததும் ஊரே மும்முரமாக அயோக்கியத்தனத்தில் இறங்கும். கல் எப்படிச் சிவக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அதை மறைப்பதற்குத் தேவையான வெட்கம்தான் யாரிடமும் மிச்சமில்லை.

பண்டிகைக்கு முன் அந்தக் கற்களுக்கெல்லாம் மெருகு ஏற்றித் தருபவள் பட்டை தீட்டும் பெண். தேவாலயக் கமிட்டித் தலைவர் ஒரு காலத்தில் அவளுடைய கணவர். ஆராதனையில் முதல் வரிசையை விட்டு அசையாததால் முதல் வரிசைக்காரர் என்றே அவருக்குப் பெயர். மகள் பிறந்த கையோடு, அது தன் குழந்தையே இல்லை என்று பாதிரியார் முன்னால் வாய் கூசாமல் சொல்லிவிட்டுப் போன உத்தமர். அதன் பிறகு அவர் மோதிரத்தை மிஞ்சிய சிவப்பு ஊரில் கிடையாது. மகள் வளர்ந்து, அச்சு அசலாக அவருடைய மூக்கோடும் நெற்றியோடும் தெருவில் நடக்கிறாள். இவள் என் மகள் என்று ஒரே ஒரு தடவை அவர் வாயால் ஊரறியச் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அந்த வருடம் மோதிரத்தை அவரே எடுத்து வந்தார்.

"ஏம்மா, நல்லாப் பளபளன்னு இருக்கணும். முன்னாடி உட்காருற ஆளு நான்."

ஏம்மாவாம்! முன்பின் தெரியாத கடைக்காரியைக் கூப்பிடுவது போல. அவள் கல்லைச் சக்கரத்தில் வைத்தாள்; வைத்தவள் எடுக்கவே இல்லை. கல் கரைந்தால் வெட்கம் உடையவரிடமே திரும்பிவிடும் என்பது அவள் கணக்கு. சிவப்புத் தண்ணீர் வாசல்வரை ஓடியது. அதை நக்கிய பூனை அன்றோடு மீன் திருடுவதை விட்டது. முதல் வரிசைக்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை.

"கல்லு எங்க?"

"தேஞ்சு போச்சு."

"சரி, வேற ஒண்ணு வச்சுக் குடு."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வெள்ளைக் கல்லைப் பதித்தாள். துடைக்கத் துணியோடு உள்ளேயிருந்து வந்த மகள் அவர் எதிரில் நின்றாள். அவர் மோதிரத்தை மாட்டிக்கொண்டே அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரு இந்தப் பொண்ணு? வேலைக்கு வச்சிருக்கியா?"

சொல்லி வாய் மூடுவதற்குள் கல் சிவந்தது. பழைய சிவப்பெல்லாம் அதன் கால் தூசிக்குப் பெறாது.

"நல்லா செவந்திருச்சுப்பா" என்றாள் மகள்.

அவர் காதில் அது விழவில்லை. கல்லை ஜன்னல் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பூரித்துப் போனார்.

கிறிஸ்துமஸ் அன்று பீடத்தைப் பார்த்தவர்களைவிட மோதிரத்தைப் பார்த்தவர்களே அதிகம். பெற்ற மகளையே யாரென்று கேட்டதில் வந்த சிவப்பு என்ற விஷயம் பரவி, அந்த நிறத்துக்கு 'மகள் சிவப்பு' என்று பெயரும் வந்தது. ஆராதனை முடிந்து வாசலில் கேட்டவர்களிடமெல்லாம் அவர் விரலை நீட்டி, "மகள் சிவப்பு, அசல்" என்று பெருமையாகச் சொன்னார். அம்மா காது குளிரக் கேட்டாள். மகளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மறுநாள் கடை திறந்தபோது வெளியே நீண்ட வரிசை. எல்லோருக்கும் மகள் சிவப்புதான் வேண்டுமாம். பலர் தங்கள் பெண்களைக் கையோடு அழைத்து வந்திருந்தார்கள்.